மாத்திரை சாப்பிட்டியா என்று கேட்பதற்கான அனுமதி

என் வீட்டுக்காரர் தன் சொந்தத் தங்கையைப் பார்த்து "மாத்திரை சாப்பிட்டியா?" என்று கேட்கக் கூடாது. நான் போட்ட சட்டம் இல்லை, பல்கலைக்கழகம் போட்டது. கேட்டால் அது விசாரிப்பு இல்லையாம், தரவு சேகரிப்பாம். அனுமதி இல்லாமல் தரவு சேகரித்தால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால் முனைவர் பட்டம் போச்சு. பட்டம் போனால் மாத்திரையும் போச்சு. ஆகவே தங்கைக்கு மாத்திரை கிடைக்க வேண்டுமென்றால் தங்கையிடம் மாத்திரையைப் பற்றிப் பேசக் கூடாது. இது உங்களுக்குப் புரியவில்லை என்றால் சந்தோஷப்படுங்கள், உங்கள் மூளை இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, சீட்டை வாங்கி, மாத்திரையைக் கவரில் போட்டு, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று நாள் முழுக்கச் சொல்லும் வேலை. நான் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், பைண்டிங், லேமினேஷன் எல்லாம் உண்டு. வீட்டில் மூன்றாவது ஆள் என் நாத்தனார், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே வலிப்பு.

பழைய மாத்திரையில் வலிப்பு கட்டுப்பட்டது. கூடவே அவளும் கட்டுப்பட்டுப் போனாள். எந்நேரமும் தூக்கக் கலக்கம். ஒரு பேச்சை ஆரம்பித்தால் பாதியில் அதை எங்கே வைத்தோம் என்று தேடுவாள். பிறகு ஒரு டாக்டர் புது மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார். நடுவில் கோடு போட்ட சின்ன வெள்ளை மாத்திரை. அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அவள் படிப்பை முடித்தாள், வேலைக்குப் போனாள், என் கடைக் கணக்கில் தப்பு கண்டுபிடித்து வாடிக்கையாளர் முன்னாலேயே என் மானத்தை வாங்கினாள். வாய் அப்படி முளைத்துவிட்டது. எனக்கு அவளை முதல் தடவையாகப் பிடிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

அந்த மாத்திரை ஆஸ்பத்திரியின் இலவச மருந்துப் பட்டியலில் இல்லை. வெளியே கடையில்தான் வாங்க வேண்டும். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினோம். வாங்க முடியாதவர்கள் பழைய மாத்திரையில் தூங்கி வழிந்தார்கள். ஒருநாள் மருந்து கம்பெனியின் பிரதிநிதி ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பெரிய ஆஸ்பத்திரிகள் எடுத்தால்தான் கம்பெனி இதைத் தொடர்ந்து தயாரிக்கும், இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டியலை முடிவு செய்ய ஒரு குழு இருக்கிறது. இவர் போய் அதன் தலைவர் முன்னால் நின்றார். தலைவர் உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க மருந்தை எடுத்துக் குடுக்கிறவர். எந்த மருந்தை எடுத்துக் குடுக்கணும்னு சொல்றதுக்கு வேற படிப்பு இருக்கு. மருந்துப் பொருளியல், கொள்கை. இந்த மாத்திரையிலேயே ஆராய்ச்சி பண்ணி, முனைவர் பட்டம் வாங்கினவர் ஒருத்தர் வந்து சொல்லட்டும். அன்னிக்கே சேத்துடறோம்."

அப்படி யாராவது இருக்கிறார்களா என்று இவர் கேட்டிருக்கிறார். யாரும் இல்லை என்றும், அதனால்தான் தன் காலத்தில் பட்டியல் ஒரு வரிகூடக் கூடாமல் கச்சிதமாக இருக்கிறது என்றும் தலைவர் பெருமையாகச் சொன்னாராம். வேறு மனுஷன் என்றால் தலையில் அடித்துக்கொண்டு வந்திருப்பான். இவர் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தார்.

மருந்துப் பொருளியல், கொள்கைத் துறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. என் கடையிலிருந்து பார்த்தால் அதன் ஜன்னல் தெரியும். அந்தத் துறைக்கு ஒரு கொள்கை உண்டு: செலவையும் பயனையும் எடை போட்டுப் பார்க்காமல் எதையும் செய்வதில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் அறையில் மின்விசிறி சுற்றாது. பழுது பார்ப்பதா, புதுசு வாங்குவதா, வியர்த்துக்கொண்டே இருப்பதா என்று மூன்று வழியையும் ஒப்பிட்டு ஒருவர் ஆய்வேடு எழுதி, முனைவர் பட்டமே வாங்கினார். என் கடையில்தான் பைண்டிங். தலகாணி தடிமன், தங்க எழுத்து. பழுது பார்ப்பதே சாலச் சிறந்தது என்பது முடிவு. அவரே பிறகு அங்கே பேராசிரியரானார், என் வீட்டுக்காரருக்கு வழிகாட்டியாகவும் வாய்த்தார். நான் அவரை ஃபேன் சார் என்றுதான் சொல்வேன். மின்விசிறி இன்றுவரை சுற்றவில்லை.

ஏன் சார் இன்னும் சரி பண்ணவில்லை என்று இவர் அப்பாவியாகக் கேட்டிருக்கிறார். ஃபேன் சாருக்கு வருத்தமே இல்லை.

"நான் பரிந்துரைதான் பண்ண முடியும். அதைச் செய்யறது அமலாக்கம். அது வேற துறை."

முதலில் பாடங்கள். ஆராய்ச்சி செய்கிறவன் தேர்வும் எழுத வேண்டும். அதில் ஒரு பாடம், நோயாளியின் வாழ்க்கைக்கு மதிப்பெண் போடுவது. முழு ஆரோக்கியம் என்றால் ஒன்று, செத்துப்போனால் பூஜ்யம், மற்ற எல்லாரும் நடுவில். வலிப்புள்ளவர்களுக்குப் புத்தகத்தில் பாயிண்ட் ஆறு போட்டிருக்கிறது. இவர் அதை மனப்பாடம் செய்ய முடியாமல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"பாயிண்ட் ஆறா? பரவால்லையே அண்ணி. என் கிளாஸ்ல பாதிப் பேருக்கு அது கனவு."

அடுத்து தலைப்புக்கு ஒப்புதல். ஃபேன் சார் இரண்டு விதிகளைச் சொன்னார். ஒன்று, இதுவரை உலகத்தில் யாருமே செய்யாத ஆய்வாக இருக்க வேண்டும். இரண்டு, எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் அதை ஏற்கெனவே எழுதியவர்களின் மேற்கோள் வேண்டும். யாருமே செய்யாததற்கு மேற்கோள் எங்கே கிடைக்கும் என்று இவர் கேட்டதற்கு, அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி என்றார். இவர் நூலகத்தில் மாதக்கணக்கில் கிடந்தார். கல்லில் நார் உரித்த மாதிரி கடைசியில் ஒரு கட்டுரை கிடைத்தது. அதே மாத்திரையை வலிப்பு வந்த நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு. அதில் நாய்களின் வாழ்க்கைத் தரம் பாயிண்ட் எட்டு என்று போட்டிருந்தது.

நாத்தனார் அந்த வாரம் முழுக்க எங்களை விடவில்லை. நாயைவிட இரண்டு படி கீழே இருக்கிற தனக்கு டிபன் பாக்ஸ் கட்டித் தர வேண்டாம், தட்டில் போட்டு வாசலில் வைத்தால் போதும் என்றாள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. தலைப்புக்கு ஒப்புதல் வந்தபோதுகூட இவர் முகத்தில் ஈயாடவில்லை, ஏனென்றால் அதற்குள் அந்த மருந்துப் பிரதிநிதி ஆஸ்பத்திரிப் பக்கம் வருவது குறைந்துபோயிருந்தது.

அப்புறம்தான் நெறிமுறைக் குழு. மனிதர்களைக் கேள்வி கேட்டு ஆய்வு செய்கிற யாரும் இந்தக் குழுவின் அனுமதி இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகளிடம் கேட்க இவருக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதோடு இவர் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆய்வாளருக்கும் இந்த மருந்துக்கும் சொந்த முறையில் ஏதாவது தொடர்பு உண்டா என்று கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்கள். இவர் அரிச்சந்திரனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. என் தங்கையும் இதைத்தான் சாப்பிடுகிறாள், ராத்திரி சாப்பாட்டின்போது சாப்பிட்டியா என்று நான்தான் நினைவுபடுத்துவேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டார்.

குழுவின் தலைவி மெல்லிய குரலில் பேசுகிற அம்மாள். அவர் பேனாவைக் கீழே வைத்தாராம்.

"ஒரு ஆய்வாளர், ஆய்வு பண்ற மாத்திரையைச் சாப்பிடறவங்ககிட்ட, சாப்பிட்டீங்களான்னு கேக்கறார். இதுக்கு என்ன பேரு?"

"அக்கறைங்க."

"அக்கறைக்கு எங்ககிட்ட படிவம் இல்லை. தரவு சேகரிப்புக்குத்தான் இருக்கு."

தங்கையிடம் கேட்பதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும், அனுமதி வரும்வரை கேட்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். இவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது நான் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இவருக்கு வேடிக்கையாகப் பேசத் தெரியாது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

சரி, நான் கேட்கிறேன், எனக்கென்ன பட்டமா கொட்டமா என்றேன். கொஞ்ச காலம் அப்படியே ஓடியது. அரையாண்டு அறிக்கையில் இவர் அதையும் எழுதிவிட்டார். உடனே கடிதம் வந்தது. ஆய்வாளரின் மனைவி ஆய்வாளருக்காகக் கேட்பதால் அவர் பதிவு செய்யப்படாத ஆய்வு உதவியாளர் ஆகிறார், முறையான பயிற்சி முடிக்கும்வரை அவரும் கேட்கக் கூடாது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் ஆராய்ச்சிப் பதவி அது. கிடைத்த அன்றே பறிபோனது.

நான் இந்த மாதிரி உத்தரவுகளுக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் இவர் காதில் விழக் கூடாது, விழுந்தால் மறுபடி எழுதிக் கொடுத்துவிடுவார். அதனால் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தண்ணீர் பாத்திரத்தில் விழுகிற சத்தத்தில் நாத்தனாரிடம் மெதுவாகக் கேட்பேன். அவளும் தலையை ஆட்டுவாள். சொந்த வீட்டில் திருடியைப் போல இருந்தது. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவளே மறதியாக, "அண்ணா, நான் மாத்திரை போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டாள். இவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வெளி வராந்தாவுக்குப் போய்விட்டார். தானாக முன்வந்து தரப்படும் தகவலும் தகவல்தானாம். அவர் அங்கே நின்றபடி சாப்பிட்டதைப் பார்த்து எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, எல்லாம் அவளுக்காகத்தான் செய்கிறார்.

தனி விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று இவர் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தார். குழு கூட ஆள் போதவில்லை என்றார்கள். ஆள் சேர்ந்தபோது தலைவி இல்லை. நோயாளிகளுக்கு மருந்து போய்ச் சேர்வதில் ஏற்படும் தாமதங்களைப் பற்றி வெளிநாட்டில் ஒரு மாநாடு, அதில் சிறப்புரை ஆற்றப் போயிருந்தார். திரும்பி வந்ததும் மாநாட்டு அறிக்கை எழுத விடுப்பில் போனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே பூசாரியையே காணோம்.

இதற்கிடையில் கடைகளில் அந்த வெள்ளை மாத்திரை கிடைப்பது கடினமாகிவிட்டது. அடுத்த வாரம் வரும் என்றார்கள், பிறகு வந்தால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இவர் விழுந்து விழுந்து ஆய்வேட்டை எழுதி முடித்தார். நோயாளிகள் எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள், வீட்டார் எவ்வளவு நிம்மதியானார்கள், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு மிச்சம் என்றெல்லாம் அதில் இருந்தது. பட்டியலில் சேர்ப்பது இனியும் தாமதமானால் இந்த மாத்திரையின் தயாரிப்பே நின்றுவிடும் என்பது கடைசி அத்தியாயம். எனக்குப் பொருளியல் தெரியாது, அட்டை போடத்தான் தெரியும். ஆனால் அந்த அத்தியாயத்தை பிரிண்ட் எடுக்கும்போது மட்டும் ஒவ்வொரு தாளையும் நின்று படித்தேன்.

சமர்ப்பிக்கப் போன இடத்தில், இடது ஓரம் குறைவாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அகலப்படுத்தி மறுபடி எடுத்தேன். நீல அட்டை கூடாது, இப்போது மெரூன் என்றார்கள். மாற்றினேன். மெரூனில் போட்டுக் கொண்டுபோனால், அந்தச் சுற்றறிக்கை வாபஸ், நீலமே என்றார்கள். நான் கடையைச் சாத்திவிட்டு நேரே மூன்றாவது மாடிக்குப் போனேன். அங்கே யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். ஃபேன் சார் எனக்கு விசிறிக்கொள்ள ஒரு சுற்றறிக்கையை எடுத்துத் தந்தார்.

வெளித் தேர்வாளர் கிடைக்கப் பல மாதம் ஆயிற்று. அந்த மாதங்களில்தான் கம்பெனி மாத்திரையை நிறுத்தியது. ஊர் ஊராகத் தேடி வாங்கி வைத்திருந்த கடைசி அட்டையும் காலியானது. நாத்தனார் பழைய மாத்திரைக்குத் திரும்பினாள். கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தவள் நடுவில் சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டாளாம். பிள்ளைகள் முதலில் சிரித்திருக்கிறார்கள், பிறகு பயந்துபோயிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நல்லவர்கள், வேலையை விட்டு அனுப்பவில்லை. நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு முத்திரை குத்தச் சொன்னார்கள்.

விட்டுவிடலாமா என்று இவர் என்னிடம் கேட்டார். ஆஸ்பத்திரிப் பட்டியலில் பெயர் ஏறினால் வேறு கம்பெனியாவது தயாரிக்க வரலாம் என்று சொல்லி நான்தான் அனுப்பினேன். அந்த நம்பிக்கை எனக்கே பாதிதான் இருந்தது.

வாய்மொழித் தேர்வு எல்லாரும் பார்க்கும்படி நடக்கும். வந்தவர்களுக்கு டீ, பிஸ்கட் செலவு ஆய்வாளருடையது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வியர்த்து நின்றார். வெளித் தேர்வாளர் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினார்.

"தாமதமானா தயாரிப்பு நின்னுடும்னு முன்கணிச்சிருக்கீங்க. நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுங்க."

அரங்கத்தில் கைதட்டினார்கள். இவர் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி சுற்றிலும் பார்த்தார். துறைத் தலைவர் எழுந்தார். அவர் அவ்வளவு உணர்ச்சிவசப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

"நம்ம துறை வரலாற்றுல ஒரு கருதுகோள் இப்படி நூத்துக்கு நூறு நிரூபணமானது இதுதான் முதல் தடவை. இதுல ஆய்வாளர் உழைப்பு இருக்கு, மறுக்கல. ஆனா துறையோட பங்கையும் சொல்லணும். தலைப்புக்கு நாங்க எடுத்துக்கிட்ட காலம், நெறிமுறைக் குழு எடுத்துக்கிட்ட காலம், தேர்வாளரைத் தேடின காலம், இதெல்லாம் இல்லேன்னா இந்த முடிவு கிடைச்சிருக்காது. அவசரப்பட்டு முன்னாடியே பட்டம் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? மாத்திரை பட்டியல்ல சேர்ந்திருக்கும். தயாரிப்பு நின்னிருக்காது. இவரோட ஆய்வு தப்பாப் போயிருக்கும். நாங்க அப்படி விடல."

மறுபடி கைதட்டல். ஃபேன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்குப் பட்டம் கிடைத்தது, மிகச் சிறப்பு என்ற குறிப்போடு. நான் பிஸ்கட் தட்டை எடுத்து யார் தலையிலாவது போடலாமா என்று யோசித்தேன். தட்டு துறையுடையது, உடைந்தால் அதற்கும் ஒருவர் ஆய்வு செய்ய வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே பட்டியல் குழுத் தலைவரைப் பார்க்கப் போனார். இந்தத் தடவை உட்காரச் சொன்னாராம், டாக்டர் என்று கூப்பிட்டாராம், எந்த மாத்திரையைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுப் பேனாவையும் திறந்தாராம். இவர் பெயரைச் சொன்னார். தலைவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, சந்தையில் இல்லாத மருந்தைச் சேர்க்க விதியில் இடமில்லை என்றார். வேறு யாராவது தயாரித்தால் சேர்ப்பீர்களா என்று இவர் கேட்டார். தாராளமாக, அந்தத் தயாரிப்பில் யாராவது முனைவர் பட்டம் வாங்கி வரட்டும் என்று சொல்லி, எழுந்து நின்று கைகொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அதன் பிறகு இவர் பழையபடி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பெயர்ப்பலகையில் டாக்டர் என்று போட்டதால், மருந்து வாங்க வருகிறவர்கள் சட்டையைத் தூக்கி முதுகு வலியைக் காட்டுகிறார்கள்.

போன வாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நெறிமுறைக் குழு ஒருவழியாகக் கூடி, இவருடைய தனி விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்து, அனுமதி வழங்கியிருக்கிறது. இன்று முதல் ஆய்வாளர் தன் தங்கையிடம் மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்கலாம். பதிலை வார்த்தை மாறாமல் பதிவு செய்து குழுவுக்கு அனுப்ப வேண்டும். கீழே தலைவியின் கையெழுத்து, பச்சை மையில்.

இவர் அதை என்னிடம் நீட்டியபோது முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இவ்வளவு காலம் அடக்கி வைத்திருந்த மனுஷன். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது நான் குழாயைத் திறக்கவில்லை. பழைய மாத்திரை அட்டையை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நான்தான் வைத்தேன். இவர் தங்கையைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாத்திரை சாப்பிட்டியாம்மா?"

அவள் கையில் எடுத்த கவளத்தோடு அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எந்த மாத்திரைண்ணா?"

பழையபடி கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நான் சிரிக்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நிஜமாகவேதான் கேட்டாள். அட்டை அவள் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

கடிதத்தை நான் இவர் பக்கம் தள்ளினேன், மேலே பேனாவையும் வைத்தேன்.

"எழுதி அனுப்புங்க" என்றேன். "வார்த்தை மாறாம."